அடையாறிலிருந்து சேப்பாக்கம்: கடற்கரை வழியா, கோட்டூர்புரம் வழியா?

அடையாறிலிருந்து சேப்பாக்கத்துக்கு சைக்கிளில் வேலைக்குப் போக இரண்டு வழிகள்.

முதலாவது, திரு.வி.க. பாலம் ஏறி, சாந்தோம் தாண்டி, காமராஜர் சாலை. தூரம் குறைவு. சாந்தோமில் நெரிசல்தான், ஆனால் கலங்கரை விளக்கத்தைக் கடந்ததும் சாலை அகலமாக விரிகிறது. ஒரு பக்கம் மெரினா, இன்னொரு பக்கம் ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று பழைய கட்டடங்கள். குறை என்றால் நிழலே இல்லை; ஏழரை மணி வெயிலே வலது கன்னத்தைச் சுடும். அப்புறம் காற்று. கோடையில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருவதால் வீடு திரும்பும்போது மிதிப்பது கனக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தலைகீழ்: காலையில் எதிர்காற்று, மாலையில் முதுகில் தள்ளுகிற காற்று. மழை இல்லாத நவம்பர் மாலையில் இந்த வழியை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, சர்தார் படேல் சாலையில் மேற்கே போய், அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டித் திரும்பி, நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம் பாலம், நந்தனம், அண்ணா சாலை. சுற்றுதான். ஆனால் ஐ.ஐ.டி., கிண்டி காட்டுப் பக்கத்து மரங்கள் தரும் நிழல் ஏப்ரல், மே மாதங்களில் பெரிய விஷயம். நந்தனம் வரை சுகம். அதற்குமேல் பஸ்களோடு மல்லுக்கட்டல்.

என் கணக்கு: கோடையில் காலை கோட்டூர்புரம், மாலை வெயில் இறங்கியதும் கடற்கரை. எதிர்காற்றா? சரி, சின்ன கியரில் மெதுவாக வரலாம், மாலையில் யாரும் வருகைப்பதிவு எடுப்பதில்லை.