வெளிநாட்டுக் கிராமத்தில் தன்னார்வப் பணி: ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

வெளிநாட்டில் ஒரு கிராமத்துக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஓர் ஏஜென்சிக்குப் பணம் கட்டிப் போய் ஏமாந்தேன். பணத்தைத் திரும்பக் கேட்டு நான் கொடுத்த புகார் இன்னும் முடியாததால் ஏஜென்சியின் பெயரையும் நாட்டின் பெயரையும் இப்போது சொல்லவில்லை.

கட்டணம் கொஞ்சநஞ்சம் இல்லை. விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் தனி, அதுவும் நம் தலையில்தான். "நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி நீங்கள் தங்கும் குடும்பத்துக்கும் கிராமப் பள்ளிக்கும் போகிறது" என்று அவர்கள் இணையதளத்திலேயே போட்டிருந்தார்கள். போனில் பேசிய ஒருங்கிணைப்பாளரும் அதையேதான் அழுத்திச் சொன்னார்.

தங்கிய வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. இருந்ததே இரண்டு அறை. ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு அந்த அக்கா, அவர் கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் இன்னொன்றில் படுத்தார்கள். விருந்தாளிக்குத் தனி அறை கட்டாயம் என்பது ஏஜென்சியின் நிபந்தனையாம். நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் அக்கா ஒரு பள்ளி நோட்டை எடுத்துவந்து காட்டினார். வந்து தங்கியவர்களின் பெயர், வந்த தேதி, போன தேதி, அதற்கு நேரே ஏஜென்சி கொடுத்த பணம். பல பெயர்களுக்கு நேரே பணக் கட்டம் காலியாக இருந்தது. ஓரளவு ஆங்கிலம் தெரிந்த மூத்த பெண்தான் எடுத்துச் சொன்னாள்: "கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள், இன்னும் கேட்டால் இனி உங்கள் வீட்டுக்கு யாரையும் அனுப்ப மாட்டோம் என்பார்கள், அதனால் அம்மா கேட்பதை விட்டுவிட்டாள்." எனக்காக ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசியிருந்த தொகை நான் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கே காணாது. அதுவும் அதுவரை வரவில்லை. அதாவது அந்தக் குடும்பம் தன் கையிலிருந்து செலவழித்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது, நான் கட்டிய பணம் எங்கேயோ இருந்தது.

பள்ளியிலும் அதே லட்சணம்தான். வகுப்புக்கு ஆசிரியர் இருந்தார், அவரைப் பின்னால் நிற்கவைத்துவிட்டு என்னைப் பாடம் நடத்தச் சொன்னார்கள். நிறங்களின் ஆங்கிலப் பெயர்களை நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் மொத்தமும் ஒப்பித்துவிட்டார்கள், ஏனென்றால் முன்னால் வந்த ஒவ்வொருவரும் அதையேதான் நடத்தியிருக்கிறார்கள். அப்புறம் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. பழைய பெயின்டைச் சுரண்டினால் அடியில் இன்னொரு நிறம், அதற்கும் அடியில் இன்னொன்று. அதே பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. தலைமையாசிரியர் குழாய்க்குத்தான் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறார், கிடைப்பதென்னவோ பெயின்ட் டப்பா. பெயின்ட் அடித்தால் போட்டோ நன்றாக வரும், வேறென்ன காரணம் இருக்க முடியும்?

விசா விஷயம் இதைவிட ஆபத்து. இமிக்ரேஷனில் கேட்டால் "சுற்றிப்பார்க்க வந்தேன்" என்று சொல்லச் சொல்லி மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணியை வேலையாகவே பார்க்கும் நாடுகள் பல. உதாரணத்துக்கு, நேபாளத்தில் டூரிஸ்ட் விசாவில் அனுமதியின்றி இப்படிப் பணி செய்வது சட்டப்படி குற்றம். மாட்டிக்கொண்டால் நாடு கடத்தப்படுவது நாம்தான், ஏஜென்சி அல்ல.

வார இறுதியில் கூடுதல் கட்டணத்துக்கு "அனாதை இல்லம் பார்க்கும் பயணம்" ஒன்றும் வைத்திருந்தார்கள், நான் மறுத்துவிட்டேன். பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளை வெளிநாட்டுக்காரர்களின் நன்கொடைக்காக இல்லங்களில் சேர்த்துவைப்பது பல நாடுகளில் நடக்கிறது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமே, அனாதை இல்லங்களில் நடக்கும் இத்தகைய தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்கச் சொல்கிறது. அப்படி ஒரு 'பேக்கேஜ்' இருந்தாலே அந்த ஏஜென்சி பக்கம் போகாதீர்கள்.

பணம் கட்டாமல் சேவைக்குப் போக வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, வாழ்க்கைச் செலவுக்கு அவர்களே படி கொடுக்கிறார்கள். இயற்கை விவசாயப் பண்ணைகளோடு தன்னார்வலர்களை இணைக்கும், 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் (WWOOF) அமைப்பில் உறுப்பினர் கட்டணம் மட்டும்தான். அதைக் கட்டிவிட்டுப் பண்ணையில் அரைநாள் வேலை செய்தால் சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கும், பண்ணைக்காரரோடு நேரடியாகவே பேசிக்கொள்ளலாம்.

ஏஜென்சி வழியாகத்தான் போவேன் என்றால், குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கையில் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிடிகொடுக்காமல் பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வீட்டில் முன்பு தங்கியவர் ஒருவரின் தொடர்பையும், பள்ளியோடு போட்ட ஒப்பந்தத்தையும் கேளுங்கள். எந்த விசா என்பதை ஏஜென்சியிடம் கேட்காமல் தூதரகத்திடமே கேளுங்கள்.

ரீஃபண்ட் கேட்டபோது "வந்து சேர்ந்தபின் பணம் திரும்பக் கிடைக்காது" என்ற விதியைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டு, அவர்கள் இணையதள வாசகத்தையும் மின்னஞ்சல்களையும் கொடுத்திருக்கிறேன். அக்காவின் நோட்டுப் பக்கங்களை மட்டும் கொடுக்கவில்லை, அவர் சம்மதம் இல்லாமல் கொடுத்தால் வரவேண்டிய பாக்கியும் அவருக்கு வராமல் போய்விடும். இதே மாதிரி ஏமாந்து, வங்கி மூலம் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால் என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.