முதல் அறுவைக்கே விலாக் குருத்தெலும்பு வேண்டுமா?

கோலாலம்பூர் தமிழ்க் குடும்பங்களில் மூக்குச் சீரமைப்பு பற்றிப் பேச்சு எழுந்தால், மூக்கை உயர்த்த உள்ளே வைப்பது சிலிகோனா, விலாவிலிருந்து எடுக்கும் குருத்தெலும்பா (எலும்பைவிட மென்மையான, வளையும் திசு) என்ற இரண்டோடு அது நின்றுவிடுகிறது. முதல் முறை அறுவை செய்துகொள்ளும் பலருக்கு இரண்டுமே தேவைப்படாது என்பது என் கருத்து.

மூக்கின் நடுச்சுவரிலேயே நேரான, உறுதியான குருத்தெலும்பு இருக்கிறது. மூக்கைத் தாங்குவதற்கு மேற்புறமும் முன்புறமும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலம் விட்டுவிட்டு மீதியை எடுக்கலாம். உடம்பில் வேறெங்கும் கத்தி படாது. அது போதாவிட்டால் காது. காதின் குருத்தெலும்பு வளைந்தது, மென்மையானது. மூக்கு நுனிக்கு அருமையாகப் பொருந்தும். மூக்குத் தண்டை நன்றாக உயர்த்த அது பற்றாது.

சிலிகோனில் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அது என்றைக்கும் அந்நியப் பொருள்தான். பல ஆண்டுகள் கழித்தும் கிருமித்தொற்று வரலாம், இடம் நகரலாம், தோலை மெலியவைத்து வெளியே தள்ளலாம். நுனிவரை நீளும் சிலிகோனுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

விலா தேவைப்படும் மூக்குகள் வேறு. விபத்தில் அமுங்கியவை, பிளவு உதட்டோடு பிறந்தவர்களுடையவை, ஏற்கெனவே அறுவை செய்து நடுச்சுவர் தீர்ந்துபோனவை, சிலிகோன் கெட்டுச் சுருங்கியவை. இங்கே அதற்கு நிகரில்லை: வேண்டிய அளவு கிடைக்கும், பாரம் தாங்கும். பெரும்பாலும் 6 அல்லது 7ஆவது விலாவிலிருந்து, சில சென்டிமீட்டர் வெட்டில் எடுக்கிறார்கள். பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பில் தழும்பு மறைந்துவிடும்.

அதற்கான விலையும் உண்டு. பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. இருமினாலும் சிரித்தாலும் சில நாள் நெஞ்சு வலிக்கும். அரிதாக நுரையீரல் உறை கிழிந்து காற்று புகலாம். செதுக்கிய துண்டு நாளடைவில் வளைந்துகொள்வதுதான் பழைய தலைவலி. நடுப்பகுதியிலிருந்து சமச்சீராகச் செதுக்கினால் வளைவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1958இலேயே காட்டினார்கள். பொடியாக நறுக்கி, காதுக்கு மேலே பொட்டுப் பகுதியில் உள்ள தசையின் உறையில் சுற்றி வைப்பது இன்னொரு வழி. வயது ஏறினால் விலாக் குருத்தெலும்பு சுண்ணாம்பு படிந்து இறுகும், சி.டி. ஸ்கேனில் அதை முன்பே பார்க்கலாம்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது தழும்பு பற்றி. கறுத்த தோலில் கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்புத் தடிப்பு, அதிகம் வரும். நெஞ்சுப்பகுதி அதற்குப் பேர்போன இடம். காது குத்திய இடத்தில் எப்போதாவது தடித்திருந்தால், விலாவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பெயர் மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.