ஆறு வருடமாக என்னோடு இருக்கும் ரூவான் பேராலயம்

பாரிஸ் போய்வந்த தோழி ஆறு வருடத்துக்கு முன்பு கொடுத்த புக்மார்க் இது. மூன்று விரல் அகலம், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். வெறும் தடித்த காகிதம்தான். லேமினேஷன் இல்லை, குஞ்சமும் இல்லை. அதில் இருப்பது பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே வரைந்த, பிரான்சின் ரூவான் நகரத்துப் பேராலயம். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும், நீலமும் பொன்னுமாக முழு வெயிலில் நிற்கும் படம்.

வழவழப்பு இல்லாததுதான் இதன் பெரிய பலம். தாள்களுக்கு நடுவே பிடித்து நிற்கிறது. பைக்குள் புத்தகம் தலைகீழாகக் கிடந்தாலும் ஒருமுறைகூட நழுவியதில்லை. உலோக புக்மார்க் போலப் பக்கத்தில் தழும்பும் விழுவதில்லை.

குறை என்றால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த மேல்நுனி. என் மேசை ஜன்னலோரம். வெயில் பட்டுப் பட்டு, வானத்தின் நீலம் ஒரு நகத்தின் அகலத்துக்கு வெளுத்துவிட்டது, கோடு கிழித்த மாதிரி. கீழ் மூலையில் காகிதம் இரண்டு ஏடாகப் பிரிந்தது. துளி கோந்து தடவி, மேலே அகராதியை ஒரு ராத்திரி வைத்தேன். சரியாகிவிட்டது.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூல ஓவியம் 107 செ.மீ. உயரம், 73 செ.மீ. அகலம். இந்தப் பட்டைக்குள் அடங்குவதற்காகப் பக்கங்களை வெட்டிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம்தான். மோனே சாயத்தை அப்பி அப்பிப் பூசியதால் ஓவியத்தின் பரப்பு சுவர்ப் பூச்சு போலச் சொரசொரப்பாக இருக்கும். அச்சில் அது வராது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் புள்ளிகள்தான். கையை நீட்டிப் பிடித்தால் வாசலின் ஆழத்தில் ஆரஞ்சு நிழல் தெரியும். நிழலுக்குக் கறுப்பைத் தேடாத அந்தக் கை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

1892, 1893 இரண்டு வருடமும் குளிர்கால முடிவில் ரூவானுக்குப் போய், பேராலயத்துக்கு எதிர்ப்புற அறைகளிலிருந்து வரைந்தார். வெளிச்சம் மாற மாற ஒரு கித்தானை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அப்புறம் ஜிவெர்னி கிராமத்தில் இருந்த தன் வீட்டில் வைத்து முடித்தார். மொத்தம் முப்பதுக்கு மேல். அதில் 20 படங்கள் 1895இல் பாரிஸில் காட்சிக்கு வந்தன. பேராலயம் நீலமாக, இளஞ்சிவப்பாக, மஞ்சளாகத் தன்மேல் இடிந்து விழுவதாகக் கனவு கண்டதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அத்தனை பாடுபட்ட ஒரு மனிதரின் வெயில், தினமும் என் கையில்.

வாங்குவதானால் மேலே பூச்சு இல்லாத காகிதமாகப் பாருங்கள். ஜன்னலோரம் வைப்பவர்கள் நுனியை வெளியே விடாதீர்கள். இப்போது நான் முழுவதையும் உள்ளே தள்ளித்தான் வைக்கிறேன். விட்ட பக்கத்தைத் தேடச் சற்று நேரமாகிறது, ஆனால் மிச்சமிருக்கும் வானம் நீலமாகவே இருக்கிறது.