ஏர்வேவா, ஈஎஸ்என்னா? பிரிட்டன் போலீஸின் பத்தாண்டு இழுபறி

பிரிட்டனில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இன்றைக்கும் கைகொடுப்பது ஏர்வேவ் என்ற ரேடியோ நெட்வொர்க்தான். டெட்ரா என்ற டிஜிட்டல் வாக்கிடாக்கி முறையில் ஓடுவது அது. அதை மூடிவிட்டு, ஈஈ என்ற செல்போன் நிறுவனத்தின் 4ஜி டவர்களில் ஓடும் ஈஎஸ்என்னுக்கு (எமர்ஜென்சி சர்வீசஸ் நெட்வொர்க்) மாற 2015-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2019 கடைசியில் முடிய வேண்டிய வேலை. இப்போது 2029 என்கிறார்கள்.

டேட்டாவில் போட்டியே இல்லை. ஏர்வேவில் ஒரு போட்டோ அனுப்புவதே பெரும்பாடு, ஈஎஸ்என்னில் வீடியோவே போகும்.

பேச்சு என்று வந்தால் கதை வேறு. டெட்ராவில் பட்டனை அழுத்திய அரை நொடிக்குள் குழு முழுவதற்கும் குரல் கேட்கும். அவசர பட்டனைத் தட்டினால் மற்றவர்கள் பேச்சு ஒதுங்கி, ஆபத்தில் இருப்பவரின் மைக் திறந்துகொள்ளும். 4ஜியிலும் இதெல்லாம் முடியும். பொதுமக்களின் அழைப்பைத் தள்ளிவிட்டு போலீஸுக்கு வழிவிடும் ஏற்பாடும் உண்டு. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பன்று அந்த வசதி இல்லாமல், ஆல்ட்கேட் பகுதியில் ஒரு செல்போன் நெட்வொர்க்கைப் பொதுமக்களுக்கு மூடவே வேண்டியிருந்தது. ஏர்வேவும் அன்று சொக்கத்தங்கம் அல்ல. சுரங்க ரயில் பாதைக்குள் அது எட்டவில்லை, பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள்.

என் தயக்கமெல்லாம் டவர் இல்லாத இடத்தைப் பற்றித்தான். பேஸ்மென்ட்டில் இறங்கிய போலீஸ்காரருக்கு சிக்னல் போய்விட்டால், டெட்ரா செட்டை நேரடி முறைக்கு மாற்றி வாசலில் நிற்பவரிடம் பேசலாம். நடுவில் டவரே வேண்டாம். வெளியே நிற்கும் வண்டியின் செட் அந்தக் குரலை வாங்கி நெட்வொர்க்குக்கும் கடத்திவிடும். டெட்ரா கைக்கருவி 1 வாட்டில் பேசும். 4ஜி போனுக்கு வாய்த்தது 0.2 வாட்தான். அலைவரிசையும் டெட்ராவுக்குத் தாழ்வு, 400 மெகாஹெர்ட்ஸுக்குள். அதனால் சுவரைத் துளைப்பதில் போன் பின்தங்குகிறது. இதற்கு நம்பகமான மாற்று கைக்கு வரும்வரை ஏர்வேவை அணைக்கக் கூடாது என்பேன்.

செலவைப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் சுடத்தான் செய்கிறது. 2016-இல் ஏர்வேவை வாங்கிய மோட்டோரோலாவே ஈஎஸ்என் ஒப்பந்தக்காரராகவும் இருந்தது. புதியது தள்ளிப்போகப் போக, பழையதில் கல்லா நிறையும்! ஆண்டுக்குச் சுமார் 20 கோடி பவுண்ட் கூடுதலாக வசூலிக்கப்படுகிறது என்று கண்ட போட்டி ஆணையம், 2023-இல் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. அதற்குள் மோட்டோரோலா ஈஎஸ்என்னிலிருந்து விலகியிருந்தது. அந்த இடத்துக்கு 2024 டிசம்பரில் ஐபிஎம் வந்திருக்கிறது.