வாஷர் மேல நிக்கிற மெட்ராஸ் சிப்பாய்ங்க: மூணு வருஷம் கழிச்சு

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு பீரோவோட கீழ்த்தட்டு மட்டும்தான் எனக்கு, அதுல 1/72 சைஸ்ல (நிஜ ஆள்ல 72ல ஒரு பங்கு) 340 காலாட்படை பொம்மை ஆளுங்க. பாதி மைசூர், பாதி கிழக்கிந்திய கம்பெனியோட மெட்ராஸ் சிப்பாய். 1780 புள்ளலூர் சண்டைய பொம்மைகள நகர்த்தி டேபிள்ல போர் விளையாட்டா ஆடணும்னு ஆரம்பிச்சது (இங்கிலீஷ் புக்ல பொள்ளிலூர்னு இருக்கும், நம்ம காஞ்சிபுரம் பக்கம்தான்). சிப்பாய்க்குன்னு தனியா செட் தேடி அலையாம நெப்போலியன் கால பிரிட்டிஷ் ஃபிகரையே வாங்கி தலைல எம்-சீல்ல தலைப்பாகை கட்டி, பேன்ட்ட சீவி ஜாங்கியா ஆக்கினேன்.

முதல்ல நாலு நாலு பேரா கல்யாணப் பத்திரிகை அட்டைல ஒட்டினேன், மேல வெள்ளை கோந்து தடவி மணல் தூவினா காயறப்ப அப்பளம் மாதிரி வளைஞ்சுடும். அது போதாதுன்னு இந்த ஆட்டத்தோட ஒரு ரூல்புக் ஒரு பேஸ்ல (காலடில ஒட்டுற தட்டு) நாலு பேர்ங்கும், இன்னொண்ணு ஆறுங்கும், இன்னொண்ணுல செத்தவன ஒவ்வொருத்தனா எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் பிச்சு ஒட்ட முடியுமா?

அதனால எஸ்பி ரோட்ல எம்10 வாஷர் (10 மில்லி போல்ட்டுக்குப் போடுற இரும்பு வளையம்) கிலோ கணக்குல வாங்கி ஆளுக்கு ஒண்ணு. வெளி அளவு சரியா 20 மில்லி, கனம் மூணரை கிராம் கிட்ட, ஆள் காத்துல கூட விழ மாட்டான். மூணு பேர் அகலம் ரெண்டு பேர் ஆழம் வச்சா மொத்தமா நகர்த்த 60க்கு 40 மில்லி ட்ரே, 3 மில்லி எம்டிஎஃப் மரத்தூள் பலகைல வெட்டி மேல காந்த ஷீட் ஒட்டிட்டேன். டிபிஏங்கிற பழங்காலப் போர் ஆட்ட ரூல்ஸ்லயும் 25-28 மில்லி உயர ஃபிகருக்கு 60 மில்லி அகலம்தான், அதனால அந்த ஆட்டம் ஆடுற ஃப்ரெண்டு அவன் பழங்கால படைக்கும் இதே ட்ரேவ கேட்டு வாங்கிட்டுப் போனான். பேஸே இரும்புங்கிறதால குட்டி குட்டி காந்தம் வாங்கி வடக்கு தெக்கு பாத்து ஒட்டுற தலைவலியும் இல்ல.

பழசப் பிரிக்கறது ஈசி, அட்டைய ராத்திரி தண்ணில போட்டா காலைல தானா உரிஞ்சு வந்துடும். சூப்பர் க்ளூல ஒட்டின மெட்டல் ஆபீசருங்கள மட்டும் ஃப்ரீசர்ல வச்சேன், குளிர்ல க்ளூ நொறுங்கிடும், லேசா திருகினா போதும். மாவு டப்பா பக்கத்துல பத்து வெள்ளைக்காரன் படுத்திருக்கறத பாத்து வீட்ல என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது.

திரும்ப ஒட்டறதுலதான் சொதப்பினேன். இந்த மெத்து பிளாஸ்டிக்ல சூப்பர் க்ளூ பிடிக்கவே பிடிக்காது, ஆறு மாசத்துல ஒரு படைப்பிரிவே கழண்டு டப்பா அடில கிடந்துச்சு. அப்புறம் காலடிய பிளேடால சுரண்டிட்டு ஃபெவிபாண்ட் ரப்பர் பசை போட்டேன், இன்னிக்கு வரைக்கும் கழண்டது மொத்தமே நாலு பேர். இன்னொண்ணு, காசு மிச்சம் பண்றேன்னு முதல் லாட்ல கோட்டிங் இல்லாத கறுப்பு வாஷர் எடுத்துட்டேன், ஈர கோந்தும் ஜூலை மழையும் சேந்து மணலுக்கு மேலயே துரு வந்துடுச்சு. பாக்க செம்மண் மாதிரி அழகாதான் இருந்துச்சு, பொய் சொல்லல, ஆனா ட்ரேல கறை பிடிக்க ஆரம்பிச்சதும் 80 பேரையும் மாத்தினேன். துத்தநாகம் பூசின ஜிஐ வாஷரே வாங்குங்க.

காந்த ஷீட்ல அரை மில்லி கனம் உள்ளது வேஸ்ட். டப்பாவ செங்குத்தா தூக்கினா ஆளுங்க மெதுவா வழுக்கி ஒரு மூலைல கும்பலா சேந்துடுவாங்க, பாக்க நிஜமாவே படை ஓடுற மாதிரி இருக்கும். ஒரு மில்லி போட்டப்புறம் ஆட்டோல மல்லேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வந்தாச்சு, ஒருத்தன் அசையல. வாஷர் அடில மார்க்கர்ல பட்டாலியன் நம்பர் எழுதி வச்சிருக்கேன், ஆட்டம் முடிஞ்சு அடுக்க முன்னாடி ஒரு மணி நேரம், இப்ப கால் மணி நேரம்.

குதிரைப்படைக்குத்தான் வழி கிடைக்கல. எம்16 வாஷர் 30 மில்லி வருது, ஆனா நடு ஓட்டையே 17, குதிரை காலடில இருக்கிற ஒல்லிப் பட்டை அதுக்குள்ள விழுந்துடுது. அதுங்க இன்னும் சித்தி பொண்ணு கல்யாணப் பத்திரிகை மேலதான் நிக்குதுங்க.