வீடு மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு: ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் பதிலைப் படியுங்கள்

போன மாதம் பெரம்பூரிலிருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாற்றினோம். கூகுளில் தேடியதும் மேலே வந்து நின்ற ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸைப் பிடித்தேன். 4.8 நட்சத்திரம். மொத்தம் 9,500 ரூபாய் என்றார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று போனிலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். 2,000 ரூபாய் அட்வான்ஸும் போட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு லாரி மேடவாக்கம் வந்தது. கதவைத் திறக்காமலே சூப்பர்வைசர் சொன்னார்: "மேடம், சாமான் ஜாஸ்தி. மாடி ஏத்துறதுக்குத் தனி. மொத்தம் பதினேழாயிரம். குடுத்தாதான் இறக்குவோம்." வாட்ஸ்அப்பைக் காட்டினேன். "அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்குங்க." ஆபீஸில் போனை எடுக்கவே இல்லை. மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பையனின் யூனிஃபார்ம், அடுப்பு எல்லாம் லாரிக்குள். கொடுத்துவிட்டேன். இறக்கிய பிறகு பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்களுடைய ரிவ்யூக்களை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து 'குட் சர்வீஸ்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிறுவனத்தின் பதில்: வாஷிங் மெஷின் உடைந்ததற்கு வருந்துகிறோம், மேனேஜர் உங்களை அழைப்பார். பாராட்டினவரிடம் எதற்கு மன்னிப்பு? பிறகுதான் புரிந்தது. ரிவ்யூ எழுதியவர் அதைப் பின்னால் மாற்றிவிடலாம். நிறுவனம் முன்பு போட்ட பதில் அப்படியே நிற்கும். இதுபோல இன்னும் இரண்டு கண்ணில் பட்டன. வயிறு எரிந்தது. அந்த மூன்று பேர் எழுதியது எழுதியபடி இருந்திருந்தால் நான் அந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கவே மாட்டேன்.

நானும் எழுதினேன். ஒரு நட்சத்திரம், பேசிய தொகை, வாங்கிய தொகை, ஒடுக்கின் படம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அதுவரை போனே எடுக்காத ஆபீஸிலிருந்து அழைப்பு. "ரிவ்யூவ எடுத்துடுங்க மேடம், மூவாயிரம் திருப்பிப் போட்டுடறோம்." கூடுதலாக வாங்கியது 7,500. முடியாது என்றதும் குரல் மாறியது: வக்கீல் நோட்டீஸ், மானநஷ்ட வழக்கு.

ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்? பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது நட்சத்திரமும் நாலு வரி ரிவ்யூவும்தான். புது ஆள் சிக்குவதே அதைப் பார்த்து. 2005-இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் டெல் மடிக்கணினிக்குச் சரியான சர்வீஸ் கிடைக்காததை இணையத்தில் எழுதப்போக, அது ஊர் முழுக்கப் பேச்சாகி அவ்வளவு பெரிய நிறுவனமே இறங்கி வரவேண்டியதாயிற்று. மேடவாக்கத்தில் எழுதினாலும் எழுத்துதான்.

அதனால் சொல்கிறேன். ரிவ்யூக்களைக் குறைந்த நட்சத்திரம் முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள், புதியவற்றையும் பாருங்கள். ஏமாந்தால், நடந்ததை மட்டும் ஆதாரத்தோடு எழுதுங்கள். கோபத்தில் வசைச்சொல் வேண்டாம், வழக்கு என்று மிரட்ட அதுவே அவர்களுக்குப் பிடி. காசு கொடுத்து ரிவ்யூவை எடுக்கச் சொல்வது கூகுளின் விதிக்கே விரோதம், அந்தப் பேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

1915-இல் புகார் பதிந்துவிட்டேன். ரிவ்யூ அங்கேயேதான் இருக்கிறது. நேற்று மறுபடியும் அழைத்தார்கள், இப்போது ஐயாயிரம் என்கிறார்கள். எடுக்கமாட்டேன்.