சேலத்தில் பார்சல் ஓட்ட ராடு பிரேக் கறுப்பு சைக்கிள்: வாங்கலாம், முதல் செலவு பிரேக்குக்கு

28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் ராடு பிரேக், கறுப்புப் பெயின்ட், கனமான பின் கேரியர், டபுள் ஸ்டாண்டு. செயின் கார்டில் ஹீரோ ஜெட் என்றோ ஹெர்குலிஸ் பாப்புலர் என்றோ பெயர் மாறலாம். வண்டியின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சேலத்துக்குள் சாப்பாடு, மருந்து, சேலைப் பார்சல் ஓட்ட இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. சுமை தாங்குவதிலும் ரிப்பேர் வசதியிலும் இதற்கு ஈடு கிடையாது. பிரேக், கடையிலிருந்து வரும் நிலையில் வேலைக்கு ஆகாது. விளக்கைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ஊரின் பழைய பகுதிகளில்தான் இந்த வண்டியின் அருமை தெரியும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் லோடு ஏற்றும் நேரம், சின்னக் கடை வீதியின் மாலை நெரிசல், குகை, அம்மாப்பேட்டையின் தறிச் சந்துகள் என்று எங்கே போனாலும் பைக் நின்று காத்திருக்கும் இடத்தில் சைக்கிளை இறங்கித் தள்ளியாவது கடந்துவிடலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆர்டருக்கு இது போதும். உதிரி பாகம் பற்றிய கவலையே இல்லை. ஒரு கம்பெனி வண்டியின் கோன், ஆக்சில், பிரேக் கட்டை பெரும்பாலும் இன்னொரு கம்பெனி வண்டிக்கும் பொருந்தும். கியர் வண்டியில் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெயிலர் வளைந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. இதில் வளைவதற்கு அப்படி ஒரு பாகமே இல்லை.

எடை 20 கிலோவுக்கு மேல். சமதளத்தில் அது தெரியாது; மேட்டில் நன்றாகத் தெரியும். வாங்கும்போது செயின் ஓடும் இரண்டு பல்சக்கரங்களின் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்றால், மிதியை ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெறும் வண்டிக்கு இது சரி. முதுகில் பை, கேரியரில் 10 கிலோ என்று அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு பக்கம் ஏறும்போது முட்டி வலிக்கும். பின் பல்சக்கரமான ப்ரீவீலை 20 பல்லுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கும். மிதி பத்தில் ஒரு பங்கு லேசாகும். சின்ன வேலைதான். பின் சக்கரத்தைக் காடியில் கொஞ்சம் முன்னே தள்ளினால் பெரும்பாலும் பழைய செயினே போதும். எட்டாவிட்டால் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் சக்கரம் நகர்ந்தால் பின் பிரேக்கும் மாறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வண்டியில் பிரேக் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. உள்பக்கத்தில், ஸ்போக்ஸ் கம்பி புறப்படும் அந்த முகத்தில், இரு ஓரங்களிலும் அழுத்துகின்றன. பின் பிரேக்கின் லாடம் போன்ற இரும்பு, மிதிக்குப் பின்னால் செயின் ஓடும் குழாய்களை ஒட்டி இருக்கிறது. பிரேக் பிடித்தால் கட்டைகளை முன்பக்கமாக இழுக்கிறது. சக்கரம் முன்னே போனால் இடைவெளி கூடி பிரேக் தொளதொளக்கும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னே இழுத்தால் கட்டை உரசும். ஆகவே செயினைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பின் பிரேக்கை மறுபடி வைக்க வேண்டும். செயினை இறுக்கிக் கொடுத்துப் பிரேக்கைப் பார்க்காமல் அனுப்பும் கடை என்றால் அடுத்த முறை வேறு கடைக்குப் போங்கள்.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ராடு பிரேக்கில் நல்லதும் உண்டு. கேபிள் நைந்து அறுவது இதில் இல்லை. சக்கரம் இடவலமாகக் கொஞ்சம் கோட்டம் ஆனாலும் பிரேக் பிடிக்கும். குறை மூன்று இடத்தில் வரும். முதலாவது, கம்பிகளைச் சேர்க்கும் மூட்டுகளும் திருகுகளும். குண்டும் குழியுமான தெருவில் அதிர்ந்து அதிர்ந்து இவை தளரும். கைப்பிடியை இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு வருவதற்குள் கட்டை ரிம்மைத் தொட வேண்டும். கைப்பிடி ஹேண்டில் பாரையே தொடுகிறது என்றால் அந்த வண்டியில் பிரேக் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்து இறுக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உரசினால் ரிம் வட்டம் கெட்டிருக்கிறது. முதலில் கோட்டம் எடுத்துவிட்டுப் பிறகுதான் பிரேக்.

இரண்டாவது குறை உயிருக்கே ஆபத்து. ரப்பர் கட்டை உட்காரும் தகரக் கூட்டின் ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். ரிம் ஓடும் திசையில் ரப்பர் இழுபடும் என்பதால் மூடிய பக்கம் அந்தத் திசையில் இருந்தாக வேண்டும். முன் சக்கரத்தில் மூடிய பக்கம் முன்னால் இருக்க வேண்டும். பின் சக்கரத்தில், கட்டை இருக்கும் இடத்தில் ரிம் கீழ்நோக்கி ஓடுவதால், மூடிய பக்கம் கீழே இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் மெதுவாகப் போகும்போது பிரேக் ஒழுங்காகவே பிடிப்பதுபோல் தெரியும். அவசரத்துக்கு அழுத்தும்போது ரப்பர் வழுக்கி வெளியே போய்விடும். புது வண்டியாக இருந்தாலும், கட்டை மாற்றிய வண்டியாக இருந்தாலும் குனிந்து நாலு கட்டையையும் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

மூன்றாவது மழை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பரின் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். இதைத் திருத்த வழியில்லை. ரிம் இரும்பாக இருக்கும்வரை இந்தக் குறை இருக்கும். நல்ல மென்மையான ரப்பர் கட்டை வாங்கினால் ஓரளவு பரவாயில்லை. கெட்டிப்பட்டுப் பளபளப்பாகிவிட்ட கட்டையை உப்புத்தாளில் தேய்த்து மேல்தோலை எடுக்கலாம். செயினுக்கு எண்ணெய் விடும்போது ரிம்மில் ஒரு சொட்டு பட்டாலும் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். மழையில் ஓட்டும்போது, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து, ரிம் ஒன்றிரண்டு சுற்று துடைபட்டபின் அழுத்துங்கள்.

கணக்காகப் பார்க்கலாம். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் போகும். எதிரே ஆபத்தைப் பார்த்து விரல் மடங்கவே அந்த ஒரு விநாடி ஆகிவிடும். சரியாக வைத்த இரு பிரேக்கும் காய்ந்த தரையில் பிடித்தால் இன்னும் ஐந்து மீட்டர். மொத்தம் பத்து பதினோரு மீட்டர், ஒரு டவுன் பஸ்ஸின் நீளம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் பதினைந்தைத் தாண்டும். மழையில் அதற்கும் மேல். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் அதைக் கழற்றியே வைத்திருப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிற்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கு நகர்வதால் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். பழகாதவர்கள் காலி மைதானத்தில் இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்திப் பழகலாம்.

விளக்கில் பழைய டைனமோவை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. டயரில் உரசி மிதியைக் கனமாக்குகிறது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்னலில் நின்றதும் அணைந்துவிடுகிறதே, பின்னால் லாரி வரும் நேரம் அதுதான். சார்ஜ் ஏற்றும் சிவப்பு எல்இடி ஒன்றை மட்கார்டில் அல்லது கேரியரின் பின் விளிம்பில் கட்டுங்கள். சீட்டுக்கு அடியில் கட்டினால் டெலிவரிப் பை மறைத்துவிடும். முன்னால் வெள்ளை விளக்கு, எதிரே வருபவர் கண்ணைக் குத்தாமல் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். மிதிகளில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் மாற்றுங்கள். மேலும் கீழும் ஆடும் அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்ததும் சைக்கிள் என்று லாரிக்காரருக்குத் தூரத்திலேயே புரியும். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் பைக் ஹெல்மெட் போட்டு மிதிக்கவும் முடியாது. காற்றோட்டமுள்ள சைக்கிள் ஹெல்மெட்டே வாங்குங்கள்.

சுமையைக் கேரியரில் தாழ்வாகக் கட்டுவது நல்லது. முதுகில் பத்துக் கிலோ தொங்கினால் வளைவில் வண்டியும் ஆளும் வேறு வேறு பக்கம் இழுபடுவார்கள். பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கேரியரில் நாலு மூலையிலும் கம்பியால் கட்டி, கனமான பார்சலை அடியில், சீட்டை ஒட்டி வையுங்கள். ரப்பர் கயிற்றின் கொக்கி ஸ்போக்ஸுக்குள் போகாதபடி நுனியை மடக்கிக் கட்டுங்கள்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ‘டக்’ என்று தட்டினால் கிராங்க்கை, அதாவது மிதி மாட்டும் கையை, அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. நட்டை இறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரை கெடும். கிராங்க்குக்கு அடியில் முட்டுக்கொடுத்துச் சுத்தியலால் அடித்து இறக்கி, பிறகு நட்டைப் போட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். செயினில் பன்னிரண்டு அங்குலம் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 பின் இடைவெளி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வரும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் ப்ரீவீலும் சேர்ந்து போயிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஓவராயில். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்கு ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குல பால்ஸ் (பேரிங் குண்டுகள்) பத்து, பின் ஹப்புக்கு ஒரு பக்கத்துக்குக் கால் அங்குல பால்ஸ் ஒன்பது. பழைய பால்ஸைக் கழுவிப் போடுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புது பால்ஸுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. காற்று அடிக்கடி இறங்கினால் பஞ்சர் பார்ப்பதற்கு முன் காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் வால்டியூப்பைப் பாருங்கள். வெயிலில் அந்தச் சின்ன ரப்பர் வெடித்திருக்கும். பையில் நாலு வால்டியூப் இருக்கட்டும், பக்கத்தில் ஓட்டுபவருக்கும் ஒன்று கொடுக்கலாம். ஒரே இடத்தில் ஆர்டருக்குக் காத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு கைப்பம்பும் 15 நம்பர் ஸ்பேனரும் வாங்கி டீக்கடையில் வைத்துக்கொள்வது தனித்தனியாகத் தூக்கித் திரிவதைவிட மேல். ஆப் வழியாக ஆர்டர் எடுத்து ஓட்டும் கிக் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதிந்துகொள்ளாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள்.

வழிகளில் ஐந்து ரோடு பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020-இல் திறந்த இரண்டடுக்கு மேம்பாலத்தில் சைக்கிளோடு ஏற வேண்டாம். ஏற்றத்தில் வேகம் குறையும், ஒதுங்க இடம் இல்லை. கீழ்ச்சாலையில் போகும்போதும் பாலத்தின் இறக்கம் தரையைத் தொடும் இடங்களில் கவனம் வேண்டும். பாலத்திலிருந்து வேகமாக இறங்கும் கார் இடப்பக்கத் தெருவுக்குத் திரும்ப உங்கள் குறுக்கே வெட்டும். அங்கே ஓரத்தை ஒட்டி ஒளிந்துபோனால் அவர் கண்ணில் படமாட்டீர்கள். திரும்பிப் பார்த்து, கை காட்டி, பாதையின் நடுவுக்கு வந்து, அந்த இடம் தாண்டியதும் ஓரத்துக்குப் போங்கள். நிறுத்திய கார்களை ஒட்டிப் போகும்போது கதவின் அகலத்துக்கு, ஒரு மீட்டருக்கு மேல், விலகியே போங்கள்.

ஏற்காட்டுக்கு இந்த வண்டி வேண்டவே வேண்டாம். மேலே ஆர்டர் கிடைத்தாலும், போட்டிக்குக் கூப்பிட்டாலும் சரி. அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம்; இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது தள்ளிக்கொண்டாவது போய்விடலாம். இறங்குவதுதான் ஆபத்து. ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த உயரத்திலிருந்து இறங்கும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் மீதி முழுவதும் விரல் நீள ரப்பர் கட்டை நாலின் வழியாகத்தான் போக வேண்டும். ரப்பர் தேய்ந்து தகரம் ரிம்மைத் தொட்டால் பிறகு பிடிக்க ஒன்றும் இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் பிரேம் அளவைப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட நின்றால் மேல்பாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். 24 அங்குல பிரேமில் அது வராவிட்டால் 22 கேளுங்கள். பெரியது கம்பீரமாக இருக்கிறதே என்று எடுத்தால் சிக்னலில் பெருவிரலில் நிற்க வேண்டியிருக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் ஹேண்டிலுக்குக் கீழே, முன் குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியோ குழாய் மேடு தட்டியோ இருந்தால் அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.